பொட்டு வைத்த கார்டு

எங்கள் வீடு கம்பெனிக்கு மேலே இருக்கிறது. கம்பெனி என்றதும் கண்ணாடி வைத்த பெரிய எக்ஸ்போர்ட் கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை டீசர்ட்டாகத் தைத்து, பிசிறு வெட்டி, தேய்த்து, மடித்துத் திருப்பிக் கொடுக்கும் வேலை. கீழே தையல் மிசின்கள், மேலே நானும் என் வீட்டுக்காரரும். மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். கீழுக்கும் மேலுக்கும் நடுவே ஒரு மாடிப்படி. அந்தப் படியில் அவர் ஏறுவது சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மட்டும்தான். மற்றதற்கெல்லாம் மைக் இருக்கிறது.

கீழே மிசின்கள் ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் ஆபீஸ் மேசையில் ஒரு மைக், ஹால் முழுக்க ஸ்பீக்கர். பாட்டுப் போடுவதும் அதில்தான், நூல் தீர்ந்துவிட்டது என்று அறிவிப்பதும் அதில்தான். என் வீட்டுக்காரர் ஒருநாள் எலக்ட்ரீசியனைப் பிடித்து ஒரு ஸ்பீக்கரை மேலே என் சமையலறையில், மிக்ஸிக்கு நேர் மேலே மாட்டிவிட்டார். டீ வேண்டுமென்றால் அதில் சொல்வார். ஆட்கள் வந்திருந்தால் எத்தனை டீ என்று சொல்வார். நான் திருப்பிப் பேச அதில் வழி கிடையாது. பால் திரிந்துவிட்டது என்று சொல்லக்கூட நான்தான் படியிறங்க வேண்டும்.

இத்தனைக்கும் கம்பெனி என் பெயரில் இருக்கிறது. திருப்பூரில் இது அதிசயமில்லை. அவரும் அவருடைய பங்காளியும் சேர்ந்து நடத்திய பழைய கம்பெனி பிரிந்தபோது, புதியதை வீட்டுக்காரம்மா பேரில் ஆரம்பித்துவிடுங்கள் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கரண்ட் கனெக்சன், ஜி.எஸ்.டி., வேன், பாங்கு லோன் எல்லாவற்றுக்கும் முதலாளி நான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார், நான் அங்கே போடுவேன். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நான் பார்த்ததில்லை, யாரும் பார்க்கச் சொன்னதுமில்லை. எல்லா இடத்திலும் கொடுத்திருக்கிற நம்பர் கம்பெனி போனின் நம்பர். அந்தப் போன் ஆபீஸ் மேசையில் மைக்குக்குப் பக்கத்தில் கிடக்கும். கீழே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பெரிய முதலாளியை டீ கொண்டு வருகிற அம்மா என்றுதான் நினைத்திருந்தார்கள். அப்படி நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

என்னிடம் ஒரு கிரெடிட் கார்டு இருக்கிறது, அதுவும் ஒரு பெருக்கல் குறியில் வந்ததுதான். லோனைப் புதுப்பிக்கப் போனபோது பாங்கில் ஓர் ஆபீசர், மேடம் பேரில் ஒரு கார்டு போட்டுக்கொள்ளலாமா, மேலிடத்தில் டார்கெட் கொடுத்துக் கழுத்தை நெரிக்கிறார்கள் என்று கெஞ்சினார். லோன் கிடைத்த குஷியில் இவர், தாராளமாகப் போடுங்கள் என்றார். கொஞ்ச நாளில் கூரியர் வந்தது. அன்றைக்கு இவர் சாயப்பட்டறைக்குப் போயிருந்ததால் நானே உறையைப் பிரித்தேன். நீல நிறக் கார்டு. அதில் என் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் மேடாக அச்சாகியிருந்தது. விரலால் தடவினால் ஒவ்வொரு எழுத்தும் தட்டுப்பட்டது.

என் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டு ரொம்பக் காலமாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். அப்புறம் அம்மிணி, அக்கா, கம்பெனியம்மா. லோன் பேப்பரில் என் பெயர் இருக்கும்தான், ஆனால் அது லோனுக்காக இருக்கிற பெயர். இந்தக் கார்டு மட்டும் கீழே யாருக்கும் தேவைப்படவில்லை. அதனாலேயே அது எனக்காக வந்தது என்று தோன்றிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் அதைக் கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தேன்.

சாமி அறையில் வைத்தால் அதற்கும் மரியாதை செய்யத்தானே வேண்டும். எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. தையல் மிசின், கத்தரிக்கோல், அயர்ன் பாக்ஸ், வேன், கம்ப்யூட்டர், செக் புக், பாத்ரூம் மோட்டார் வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். கார்டுக்கும் வைத்தேன். அதன் முகத்தில் தங்க நிறத்தில் ஒரு சின்னச் சதுரம் இருக்கும் அல்லவா, அது பொட்டு வைப்பதற்காகவே விட்ட இடம் மாதிரி இருந்தது. வருடா வருடம் பழைய பொட்டின் மேலேயே புதிதாக வைத்துக்கொண்டு வந்தேன். கார்டை ஒருநாளும் கடையில் நீட்டியதில்லை. நீட்ட வேண்டிய அவசியமும் வரவில்லை. மளிகை மாதக் கணக்கில் வந்துவிடும், துணிமணிக்குக் கம்பெனி இருக்கிறது, மற்றதற்கு அவர் பாக்கெட் இருக்கிறது.

இப்படிக் கார்டு நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு முற்பகலில் மிக்ஸிக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது. நான் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன்.

"அம்மிணி, ஒரு எட்டு கீழ வா. பாங்குல இருந்து பேசறாங்க. உன்ற கார்ட மூடறாங்களாமா. சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிரு."

சட்னிக் கரண்டியோடு படியிறங்கி ஓடினேன். நடந்தது இதுதான். கார்டு ஆபீசிலிருந்து ஒரு பெண் கம்பெனி போனுக்குக் கூப்பிட்டு, இந்தக் கார்டு ரொம்ப நாளாக உபயோகத்தில் இல்லை, அதனால் மூடப்போகிறோம் என்றிருக்கிறாள். இவர் உடனே, நல்லது, மூடிவிடுங்கள் என்றிருக்கிறார். அவள், கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவர்களிடம்தான் பேசுவேன் என்று சொல்லிவிட்டாள். நானே முதலாளி மாதிரி என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். மாதிரியெல்லாம் செல்லாது சார் என்றாளாம். அந்தப் பெண் எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும்.

போனை வாங்கினேன். மூச்சு வாங்கியது. கார்டை மூட வேண்டாம் என்றேன். அப்படியானால் இந்த மாதம் முடிவதற்குள் ஒரு தடவையாவது அதை வைத்து ஏதாவது வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தானாகவே மூடிவிடும் என்றாள். என்ன வாங்க வேண்டும் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் திகைத்துப்போய், உங்களுக்கு என்ன வேண்டுமோ அதை வாங்குங்கள் மேடம் என்றாள்.

மத்தியானச் சாப்பாட்டில் அதே பேச்சு. உபயோகமில்லாத சாமானை எதற்கு வைத்திருப்பது என்று அவர் கேட்டார். இதை யார் கேட்கிறார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் ஓடாத மிசின்கள் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கின்றன. ஒரு தடவை ஆசைப்பட்டு வெளிநாட்டு ஆர்டர் ஒன்றை நேரடியாக எடுத்தார். கிறிஸ்துமஸ் டீசர்ட். கொம்பு வைத்த மான் ஒன்று சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கும். ஆர்டர் ரத்தாகிவிட்டது, மான்கள் எங்களிடமே தங்கிவிட்டன. எங்கள் தெருவில் பால்காரர், தண்ணி லாரி டிரைவர், வாடகைக்கு இருக்கிற குழந்தைகள் எல்லோரும் சித்திரை வெயிலில் அந்த மானைப் போட்டுக்கொண்டுதான் திரிகிறார்கள். தைக்காமல் மிச்சமான துணியில் எனக்கு நைட்டி தைத்தாகிவிட்டது. அதில் மேலிருந்து கீழ் வரை மான். அந்தத் துணி இன்னும் மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதை வெளியே போட மனசு வராத மனுசனுக்கு, சாமி அறையில் ஒரு விரற்கடை இடத்தில் கிடக்கிற என் கார்டு மட்டும் கண்ணை உறுத்தியது. எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு ரசம் ஊற்றவில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை, மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மகளிடம் போனில் கேட்டேன். உபயோகிக்காத கார்டு ஆபத்து, எவனாவது நம்பரைத் திருடிவிடுவான், மூடு என்றாள். சாயங்காலம் அவளே மறுபடி கூப்பிட்டு, மூடாதே, பழைய கார்டு இருந்தால்தான் ஸ்கோர் நன்றாக இருக்குமாம், ஆபீசில் சொன்னார்கள் என்றாள். ஆடிட்டரும் அப்படியே சொன்னார். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று பார்த்து நமக்குப் போடுகிற மார்க்காம் அது. ஒரு பைசா செலவழிக்காதவளுக்கு எதைப் பார்த்து மார்க் போட்டார்கள் என்று கேட்டேன். அதுதானுங்க எங்களுக்கும் புரிய மாட்டேங்குது என்றார் ஆடிட்டர். மார்க் நல்லதோ கெட்டதோ, எனக்கு அது முக்கியமில்லை. என் கார்டு உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை டவுன் பஸ் ஏறிக் கடைவீதியில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். சந்தகை பிழிகிற எந்திரம் ஒன்றை எடுத்தேன், இடியாப்பத்தை எங்கள் பக்கத்தில் சந்தகை என்போம். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, ஆனால் வேறு எதுவும் தோன்றவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்துப் பழக்கமில்லாமல் போனதில் வந்த வினை. பில் போடுகிற பெண்ணிடம் கார்டை நீட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். காய்ந்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காக ஏறி, தங்கச் சதுரம் இருந்த இடமே தெரியவில்லை. அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மிசினுக்குள் செருகினாள்.

மிசின் கார்டு இல்லை என்றது. எடுத்துச் செருகினாள், மறுபடியும் இல்லை என்றது. நகத்தால் சுரண்டட்டுமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகப் பொட்டைச் சுரண்டுவதா என்று நான் தடுத்தேன். கடைக்காரர் எழுந்து வந்தார். அவரும் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்தக் கோயில் என்று பயபக்தியோடு விசாரித்தார். எந்தக் கம்பெனி என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம கம்பெனியம்மாங்களா. இதெல்லாம் எதுக்குங்க, எடுத்துட்டுப் போங்க. அண்ணன் கணக்குல எழுதிக்கறனுங்க."

இந்த ஊரில் கெட்ட மனுசன் கிடைத்தால் சமாளித்துவிடலாம். நல்ல மனுசனிடம் மாட்டிக்கொண்டால் தப்பவே முடியாது. என் வீட்டுக்காரரின் பெயரில் ஒரு சந்தகை எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். அழுகையாக வந்தது, ஆனால் உட்கார்ந்து அழ பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை.

மறுநாள் தேங்காய் எண்ணெயும் பஞ்சுமாக உட்கார்ந்து, மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பொட்டைத் துடைத்தேன். அடியில் சதுரம் நிறம் மங்கிப் பச்சை பூத்துக் கிடந்தது. இனி அது கடை மிசினில் வேலை செய்யும் என்று நம்பிக்கையில்லை. மகள், நம்பர் தெளிவாக இருக்கிறதல்லவா, ஆன்லைனில் வாங்கிவிடலாம் என்றாள். என்ன வாங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் குளித்துவிட்டு வந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். மான்கள் வரிசையாகச் சிரித்தன. எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மான் இல்லாத ஒரு நைட்டி.

திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிற வீட்டில் ஆன்லைனில் துணி வாங்குவது என்பது, ஹோட்டல் வைத்திருக்கிறவர் வீட்டுக்குப் பக்கத்து ஹோட்டலிலிருந்து பார்சல் வருவது போன்றது. அதனால் சத்தமில்லாமல் செய்தேன். மகள் போனில் சொல்லச் சொல்ல, வெள்ளையில் நீலப் பூப் போட்ட நைட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கார்டு நம்பரை ஒவ்வொன்றாக அடித்தேன். இப்போது ஓ.டி.பி. வரும், அதைப் போட்டால் முடிந்தது என்றாள். என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. மிக்ஸிக்கு மேலே ஸ்பீக்கர் கரகரத்தது.

எங்கள் சூப்பர்வைசர் தென்காசிப் பக்கத்துக்காரர். தங்கமான மனுசன். அவர் ஊர்க் கோயில் கொடை விழாவில் மைக் பிடிப்பவர் அவர்தான், நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை வாசித்து வாசித்துக் குரல் அதற்கென்றே அமைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறைக்குப் போயிருந்ததால் மேசையில் கிடந்த கம்பெனி போன் சூப்பர்வைசர் பொறுப்பில் இருந்தது.

"மாடியில இருக்க அம்மா கவனத்துக்கு. அம்மாவோட கார்டுக்கு ஒரு நம்பர் வந்துருக்கு. ஏதோ நைட்டிக் கடையில வாங்குததுக்கு. நம்பரச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. இத யார்ட்டயும் சொல்லப்படாதுன்னு போட்டுருக்கு, அதனால எல்லாரும் அவங்கவங்க வேலையப் பாருங்க."

நம்பரை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, பாட்டை அணைத்துவிட்டு வாசித்தார். அப்போது கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நிறையப் பேர் வேலைக்கு வந்துவிட்டதால், மைக்கில் எதைத் தமிழில் சொன்னாலும் அடுத்து இந்தியிலும் சொல்ல வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தார். சூப்பர்வைசர் சட்டத்தை மீறாதவர். என் நைட்டி இந்தியிலும் போயிற்று. கீழே மிசின்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிசிறு வெட்டுகிற பெண்கள் சிரிப்பது மாடிக்குக் கேட்டது.

நான் வாயைப் பிளந்து இந்தியைக் கேட்டுக்கொண்டிருந்ததில் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து வர வேண்டும் என்றாள் மகள். மறுபடி வந்தேன். மறுபடி ஸ்பீக்கர் கரகரத்தது. இந்தத் தடவை குரல் வேறு. என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்.

"அம்மிணி, நைட்டியா வாங்கற? நம்மகிட்ட இல்லாத நைட்டியா?"

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அன்றைக்குச் சாப்பிட வரும்போது அவர் முகம் வாடித்தான் இருந்தது. கிண்டல் பண்ணியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவருக்கு நிஜமாகவே மனசு நொந்துபோயிருந்தது. கம்பெனிக்காரன் பெண்டாட்டி வெளியே துணி வாங்குகிறாள் என்று ஹால் முழுக்கத் தெரிந்துவிட்டதே என்றார். எந்தத் துணியில் வேண்டும் என்று சொல்லியிருந்தால் தைத்துக் கொடுத்திருக்க மாட்டேனா என்றார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கார்டை மூடிவிடு, அதனால்தான் இத்தனை கூத்து என்றார்.

"அது ஒன்னுதானுங்க என்ற பேர்ல இருக்குது," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னைக் கேலி செய்ய நினைத்துச் சிரித்தார் என்று சொல்ல மாட்டேன். நான் சொன்னது அவருக்கு விளங்கவேயில்லை.

"கம்பெனியே உன்ற பேர்லதான இருக்குது அம்மிணி?"

உண்மைதானே. வேன் என் பேரில், லோன் என் பேரில், கீழே சுற்றுகிற ஒவ்வொரு ஃபேனின் கரண்ட் பில்லும் என் பேரில். பேருக்குப் பஞ்சமேயில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் பதில் வந்தது, அவர் அதற்குள் கீழே போய்விட்டிருந்தார். பேர் என்னுடையது, நம்பர் உங்களுடையது. நம்பர் யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. மாதம் முடியப்போகிறது. கார்டு கொடுத்த அதே பாங்குக்கு நானே போனேன். அதற்கு முன்னால் அங்கே நான் தனியாகப் போனதில்லை, பெருக்கல் குறியும் அவரும் கூட வருவார்கள். கவுண்டரில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். கார்டுக்கு என் சொந்த போன் நம்பரைப் போட வேண்டும் என்றேன். ஆதாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைப் பார்த்ததும் அவள் குரலில் மரியாதை கூடிவிட்டது, ஏனென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"உங்க பேர்ல இருக்கறது எல்லாத்துக்கும் இந்த நம்பரையே மாத்திரட்டுங்களா மேடம்?"

என் மனசில் இருந்தது கார்டு மட்டும்தான். மாற்றுகிற கையோடு ஒழுங்காக மாற்றட்டும் என்று, எல்லாத்துக்கும் மாத்திருங்க கண்ணு என்றேன். ஒரு பாரத்தைக் கொடுத்தாள். எங்கே கையெழுத்து என்று கேட்டேன். கீழே மேடம் என்றாள். குறி எதுவும் இல்லாத இடத்தில் போட்டேன், கொஞ்சம் கோணலாகப் போயிற்று.

சாயங்காலம் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். மகள் துணைக்குக்கூட வரவில்லை, அவளுக்கு மீட்டிங். கார்டு நம்பரை அடித்தேன். கையில் இருந்த போன் டிங் என்றது. என் போன். ஸ்பீக்கர் மூச்சு விடவில்லை. நம்பரைப் போட்டேன், பச்சை நிறத்தில் சரிக்குறி வந்தது. கார்டு பிழைத்துக்கொண்டது. சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று கையைத் தட்டினேன், யாரும் பார்க்கவில்லை.

அந்த நைட்டி அடுத்த வாரம் வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் அதை வாங்கி, உள்பக்கம் புரட்டி, தையலை விரலால் இழுத்துப் பார்த்து, இது எங்கள் தெருவுக்கு மூன்றாவது தெருவில் இருக்கிற கம்பெனியில் தைத்தது என்று கண்டுபிடித்துவிட்டார். கழுத்துப் பட்டி தைக்கிற லட்சணத்தைப் பார்த்தாலே தெரியுமாம். ஆன்லைன் கடையின் பெங்களூர்க் கிடங்கு வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. இரண்டு தோய்ப்பில் நீலப் பூ வெளுத்தும் விட்டது. நான் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை எங்கள் ஊருக்குச் சம்பள நாள். சாயங்காலம் மிசின்கள் சீக்கிரம் நின்றுவிடும், எல்லோரும் முகம் கழுவிக்கொண்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரேயடியாக எல்லோர் அக்கவுண்டுக்கும் அனுப்புவார். அனுப்புவதற்கு முன்னால் பாங்கு ஒரு நம்பர் கேட்கும். கம்பெனி போனுக்கு வரும், பார்த்துப் போடுவார்.

நான் மேலே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். என் போன் டிங் என்றது. நைட்டி கிளம்பிவிட்டது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மறுபடி டிங். மறுபடி. ஒரு நைட்டி இவ்வளவு தகவல் சொல்லுமா என்று எடுத்துப் பார்த்தேன். பாங்கிலிருந்து. என் பேர் போட்டு, கம்பெனி பேர் போட்டு, சம்பளத்துக்கு இவ்வளவு அனுப்ப நம்பர் இது என்று இருந்தது. எல்லாத்துக்கும் என்று அந்தப் பெண் கேட்டதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. கீரையை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தேன்.

கீழே வாசலில் அவர் கம்பெனி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு டவர் தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் வேன் மேலே ஏறி நின்றார். சூப்பர்வைசர் போனை வாங்கி, சிம்மைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினார். யாரோ பாங்கு கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தார்கள். வேன் மேலே நின்றபடியே அவர் பேசியதைப் பார்த்தேன். பேசப் பேச அவர் முகம் மெல்ல மாடி ஜன்னலை நோக்கித் திரும்பியது.

மைக்கில் கூப்பிடுவார் என்று நினைத்தேன். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரமும் இல்லை, தூக்க நேரமும் இல்லை, அவர் ஏறி வந்துகொண்டிருந்தார். பாதியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். அவருக்கும் வயசாகிவிட்டது என்று எனக்கு வருத்தமாகவும் இருந்தது.

கதவருகே நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை.

"அம்மிணி, அந்த நம்பரக் கொஞ்சம் சொல்லு. ஆளுங்க நிக்கறாங்க."

சம்பளத்துக்குக் காத்திருக்கிறவர்களை நிறுத்தி வைத்துப் பேரம் பேச நான் அப்படிப்பட்டவள் இல்லை. உடனே சொன்னேன். பாங்குக் கணக்கைத் தன் போனிலேயே திறந்து அதைப் போட்டார். கீழே டிங் டிங் என்று ஹால் முழுக்கச் சத்தம், சூப்பர்வைசரின் குரல், வண்டிகளைக் கிளப்புகிற ஓசை. அவர் திரும்பி ஒரு படி இறங்கினார். அதற்குள் என் போன் மறுபடி டிங் என்றது. அவர் அனுப்புவதற்கு ஏற்கெனவே போட்டு வைத்திருந்த இன்னொரு தொகை. சம்பளத்தைவிடப் பெரியது, நான் கேள்விப்படாத ஒருவர் பேருக்குப் போகிறது. அவர் நின்று, கையை நீட்டினார்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். இத்தனை வருடமாக என் பேரில் நடக்கிற கம்பெனியைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்பது, கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அப்புறம் மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"அது கொஞ்சம் பெரிய கதை அம்மிணி," என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.